திரையைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி? வகுப்பறைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பள்ளிக்கு ப்ரொஜெக்டர் வந்த வாரம், பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை வீடியோவாகவே போட்டுக் காட்டினேன். 22 நிமிடம். ஜன்னல்களுக்குப் பழைய போர்வையைக் கட்டி இருட்டாக்கி, ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததே இல்லை. மறுநாள் கரும்பலகையில் ஒரு மின்கலமும் தொடரிணைப்பில் இரண்டு பல்புகளும் வரைந்து, "ரெண்டும் ஒரே மாதிரி பல்பு. எது அதிகமா எரியும்?" என்று கேட்டேன். முக்கால்வாசிக் கைகள் முதல் பல்புக்கு உயர்ந்தன. "கரண்ட் முதல்ல அங்கதானே மிஸ் போகுது, மிச்சம்தானே அடுத்ததுக்கு" என்றான் ஒருவன். தெருக்குழாயில் முதலில் வந்தவர் குடம் நிறைந்துவிடும், கடைசியில் வந்தவருக்குச் சொட்டும் என்கிற கணக்கு.

இரண்டும் சமமாகத்தான் எரியும். வீடியோவில் இந்தப் பதில் தெளிவாக இருந்தது, பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த குழாயடிக் கணக்கை அந்த வீடியோ தொடவே இல்லை. அன்றிலிருந்து எந்தக் கருவியை வகுப்புக்குள் கொண்டுவந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பாடம் நடக்கும்போது யோசித்து முடிவெடுப்பது யார்? நானோ வீடியோவோ என்றால் அது சினிமா கொட்டகை. பிள்ளை ஒரு முடிவுக்கு வந்து, அது தப்பாகி, தானே திருத்திக்கொண்டால் அந்தக் கருவிக்குக் கரண்ட் செலவழிக்கலாம்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு பெரு நாடு பெரிய உதாரணம். 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்குத் தடயம் இல்லை. கணினி வந்தது; வகுப்பு நடந்த விதம் மாறவில்லை.

கீழே இருப்பது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எடுக்கும் ஆசிரியர்களுக்கானது. நான் அறிவியல் ஆசிரியை என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கையிருப்பைக் கணக்கெடுங்கள்

பதிவேட்டில் 20 கணினி என்று இருக்கும். ஆன் ஆவது எத்தனை, மவுஸ் ஓடுவது எத்தனை என்பது தனிக் கணக்கு. ஒருநாள் பள்ளி விட்ட பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து பாருங்கள். டிரிப் ஆகிறதா? கரண்ட் போனால் யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது? ப்ரொஜெக்டருக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் இடையே வயர் எட்டுமா? இதையெல்லாம் வகுப்பு நேரத்தில் கண்டுபிடித்தால் ஒரு பீரியட் போயிற்று.

அடுத்து வீட்டு நிலவரம். "யார் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கு, கை தூக்குங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இல்லாத பிள்ளையும் தூக்கும். ஒரு துண்டுச்சீட்டில் நாலு கேள்விக்கு எழுதி வாங்குங்கள்: போன் யாருடையது, உன் கைக்கு எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம், டேட்டா தினமும் இருக்குமா. என் வகுப்பில் பெரும்பாலான சீட்டுகளில் 'அப்பா போன், ராத்திரி 8 மணிக்கு மேல்' என்றுதான் இருந்தது. சாயந்தரம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பிவிட்டு ஏழு மணிக்கு "இன்னும் ஏன் முடிக்கலை?" என்று கேட்டுக்கொண்டிருந்த என் புத்தியை அந்தச் சீட்டுகள்தான் தெளியவைத்தன.

படி 2: எந்தப் பாடத்துக்குத் திரை வேண்டும் என்று பிரியுங்கள்

கண்ணுக்குத் தெரியாதது, மிக மெதுவாக நடப்பது, ஆபத்தானது, பள்ளியால் வாங்க முடியாதது. இந்த நாலுக்கும் திரை உதவும். கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவது, கோள்களின் சுற்று, மின்சுற்றில் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் என்ன ஆகும் என்பது எல்லாம் இந்த வகை.

பள்ளி வளாகத்தில் செம்பருத்தி பூத்து நிற்கும்போது பூவின் பாகங்களை முப்பரிமாண அனிமேஷனில் காட்டுவது வீண் வேலை. பிள்ளை பூவைக் கிழித்துப் பார்க்கட்டும், விரலில் மகரந்தம் ஒட்டட்டும்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்க்குஸ் ஹோஹன்வார்டர் தொடங்கியது, இலவசம். நேர்கோட்டின் சமன்பாட்டில் சாய்வுக்கு ஒரு நகர்த்தியை வைத்து, பிள்ளையையே இழுத்துப் பார்க்கச் சொன்னால், சாய்வு குறை எண்ணானதும் கோடு மறுபக்கம் கவிழ்வதைக் கண்ணால் பார்த்துவிடும். கரும்பலகையில் பத்துக் கோடு வரைந்தாலும் அந்த அசைவு வராது.

ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லாப் பாடத்துக்கும் திரை என்று கிளம்பினால் இரண்டாவது மாதமே அலுத்துவிடும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்.

படி 3: இணையத்தை நம்பாதீர்கள், முந்தின நாளே இறக்கி வையுங்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-19 முதல் வந்த புதிய பதிப்புகளில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும். பல பாடங்களின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பெட்டியும் உண்டு. பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம், நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். ஜியோஜீப்ரா, பெட் (PhET) போன்ற நல்ல தளங்களுக்கு அதில் வழி இருக்கும். மாநிலக் கல்வித்துறையின் மணற்கேணி செயலியும் 2023 முதல் இருக்கிறது. ஆனால் எதுவானாலும் முந்தின நாள் நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அறிவியலுக்கு நான் அதிகம் சார்ந்திருப்பது பெட். அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில், இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. இதில் வீடியோ கிடையாது. பிள்ளை தானே இழுத்து, இணைத்து, உடைத்துப் பார்க்கும் மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பென் டிரைவில் எடுத்துப் போய் ஒவ்வொரு கணினியிலும் போட்டுவிட்டால், இணையமே இல்லாமல் பிரவுசரில் திறக்கும். எங்கள் ஹை-டெக் லேப்பில் நெட் படுத்த நாளெல்லாம் இந்த பென் டிரைவ்தான் காப்பாற்றியது.

கொஞ்சம் கணினி தெரிந்த ஆசிரியர் இருந்தால் இன்னும் இரண்டு மென்பொருள்கள்: கிவிக்ஸ், கோலிப்ரி. கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். கோலிப்ரியை ஒரு கணினியில் நிறுவினால், அதே வைஃபையில் இருக்கும் மற்றக் கணினிகள் வெளி இணையம் இல்லாமல் அதிலிருந்து பாடங்களை எடுத்துக்கொள்ளும். இவற்றை நிறுவ ஒரு சனிக்கிழமை ஆகும். ஒருமுறை செய்தால் வருடம் முழுக்க ஓடும்.

படி 4: ஒரே ஒரு போனில் வகுப்பு முழுவதையும் கேளுங்கள்

இந்தப் படியை மட்டும் செய்தாலே போதும் என்பேன். செலவு கிட்டத்தட்ட இல்லை.

பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி. பிள்ளைகளிடம் போன் வேண்டாம், ஆளுக்கு ஒரு காகித அட்டை. அட்டையில் கறுப்பு-வெள்ளைக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், ஒவ்வொன்றும் வேறு. நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பைச் சுற்றிக் காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது அப்படியே பதிவாகிவிடும். பக்கத்துப் பிள்ளையால் எட்டிப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்க முடியாது. வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள். பெரிய வகுப்பென்றால் 63 அட்டைத் தொகுப்பும் இருக்கிறது. உங்கள் போனில் மட்டும் நெட் இருந்தால் சரி.

அட்டைகளை அச்செடுத்துப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். பளபளப்பான லேமினேஷன் செய்யாதீர்கள், வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவுக்குத் தெரியாது. நான் லேமினேட் செய்துவிட்டு ஒரு செட்டையே வீணாக்கினேன். விரல் கறுப்புக் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். செயலியில் பிள்ளைகளின் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் போடுங்கள்.

சரி, இதை வைத்து என்ன கேட்பது? மனப்பாடக் கேள்வி கேட்டால் வெறும் விளையாட்டாகப் போய்விடும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: யோசிக்கவைக்கும் ஒரு கேள்வி, தனித்தனி வாக்கு, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி வாக்கு. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விதான் இதற்குச் சரிப்படும். அதற்குக் கீழே போனால் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். மேலே போனால் பேச ஒன்றும் இல்லை.

என் வகுப்பில் அந்த இரண்டு பல்புக் கேள்வியை மறுவருடம் இப்படித்தான் கேட்டேன். முதல் சுற்றில் 42 பேரில் 15 பேர்தான் 'இரண்டும் சமம்' என்றார்கள். விடையைச் சொல்லவில்லை. திரையில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை மட்டும் காட்டிவிட்டு, "பக்கத்துல வேற விடை சொன்னவங்க யாருன்னு பாரு. உன் பக்கம் இழு. மூணு நிமிஷம்" என்றேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். கடைசி பெஞ்சில் எப்போதும் வாயே திறக்காத பெண் ஒருத்தி, "சைக்கிள் செயின் மாதிரிடி. முன்னாடி பல்லு சுத்துறப்பவே பின்னாடியும் சுத்துது இல்ல? முன்னாடி நிறைய செயினு, பின்னாடி கொஞ்சூண்டு செயினா போகுது?" என்றாள். நான் அதுவரை படித்த எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அந்த உவமை இல்லை. இரண்டாவது சுற்றில் 31 பேர். அப்போதும் விடையைச் சொல்லவில்லை. "லேப்புக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று பெல் அடிக்க விட்டுவிட்டேன். அன்றைக்கு ஒருவரும் முணுமுணுக்காமல் கணினி அறைக்கு வரிசையில் போனார்கள்.

செயலி பிடிக்கவில்லை, நெட் இல்லை என்றால் நாலு நிறத் தாள் கொடுத்து, கண்ணை மூடி உயர்த்தச் சொல்லுங்கள். வாக்கு, வாதம், மறுவாக்கு. இந்த மூன்றையும் விடாதீர்கள்.

படி 5: கணினி அறையில் ஒரு பீரியட்

கணினி குறைவு, பிள்ளைகள் அதிகம் என்று கவலைப்பட வேண்டாம். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பது எனக்கு வசதியாகவே இருக்கிறது, தனியாக உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை. ஆனால் மவுஸை ஒருவரே பிடித்துக்கொள்வார், பெரும்பாலும் வீட்டில் கணினி இருக்கும் பையன். அதனால் வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் மவுஸ், ஒருவர் சொல்பவர், ஒருவர் எழுதுபவர். மவுஸ் பிடித்தவர் தானாக எதையும் செய்யக்கூடாது, சொல்பவர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் மேசையைத் தட்டுவேன், இடம் மாற வேண்டும்.

பெட்டில் 'மின்சுற்று அமைக்கும் தொகுப்பு - நேர்த்திசை' மாதிரியைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் விளையாட விடுங்கள். கட்டாயம் ஒரு குழு மின்கலத்தின் இரண்டு முனைகளையும் கம்பியால் நேராக இணைக்கும். திரையில் தீப்பிடிக்கும். "ஏய் நெருப்பு, நெருப்பு!" என்று அறையே அங்கே ஓடும். ஓடட்டும். குறுக்குச்சுற்று என்ற சொல் இனி மறக்காது. காசு, பென்சில், அழிப்பான் என்று எதெதையோ நடுவில் இணைத்துப் பார்ப்பார்கள், கடத்தியும் காப்பானும் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகுதான் தாள். என் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டம்: 'என்ன ஆகும் என்று நினைக்கிறோம்', 'என்ன ஆயிற்று', 'ஏன்'. முதல் கட்டத்தைப் பேனாவில் நிரப்பிய பிறகுதான் மவுஸைத் தொடலாம். பென்சில் என்றால் அழித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்வார்கள், தப்பு தெரியக்கூடாது என்று பயம். கணிப்புக்கு மதிப்பெண் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

மாதிரியில் மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று முதலிலேயே அமைந்திருக்கும். ஒரு பல்பு இணைத்து அம்மீட்டரை வைத்தால் 0.90 ஆம்பியர். இரண்டு பல்பு தொடரிணைப்பில்: முதல் பல்புக்கு முன்னால் 0.45, நடுவில் 0.45, கடைசியில் 0.45. இங்கேதான் குழாயடிக் கணக்கு உடையும். "மிஸ், அம்மீட்டர் ரிப்பேர்" என்று ஒரு குழு என்னைக் கூப்பிட்டது. "அப்ப வேற அம்மீட்டர் வெச்சுப் பாருங்க" என்று நகர்ந்துவிட்டேன். மூன்று அம்மீட்டர் வைத்தார்கள், மூன்றும் அதையே காட்டின. அடுத்து பக்க இணைப்பு: ஒவ்வொரு பல்பிலும் 0.90, மொத்தம் 1.80. "அப்ப நம்ம வீட்டுல எந்த இணைப்பு?" என்பது தாளின் கடைசிக் கேள்வி. ஒரு விளக்கை அணைத்தால் மின்விசிறி நிற்கிறதா என்று அன்று ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

முடிந்தால் மறுநாள் நிஜமான டார்ச் பல்பும் மின்கலமும் கொடுங்கள். நிஜத்தில் இரண்டு பல்புகள் துளியும் பிசகாமல் சமமாக எரியாது, கலம் இறங்கியிருக்கும், கம்பி சரியாகப் பொருந்தாது. ஏன் திரையில் வந்தது போல வரவில்லை என்ற பேச்சு அந்தப் பாடத்திலேயே சிறந்த பகுதியாக இருக்கும்.

படி 6: நீங்கள் எங்கே நிற்பது?

பின்னால். எல்லாத் திரையும் தெரியும் இடத்தில்.

1999இல் தில்லி கால்காஜியில் ஒரு சுவரில் துளை போட்டுக் கணினியை வைத்த கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா, பின்னாளில் தமிழ் பேசும் பிள்ளைகள் வாழும் காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு சோதனை செய்தார். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் மூலக்கூறு உயிரியல் பாடத்தை, அதுவும் ஆங்கிலத்தில், ஒரு கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டு ஆசிரியர் யாரும் இல்லாமல் விட்டுவிட்டார். சுமார் இரண்டரை மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது சுமார் 30 சதவீதம் எடுத்தார்கள். அதன்பின் அந்தப் பாடமே தெரியாத உள்ளூர்ப் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்தார். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்து வியப்பது போல, பின்னால் நின்று, இது எப்படி வந்தது, இன்னும் கொஞ்சம் காட்டு என்று கேட்டார். மதிப்பெண் 50ஐ எட்டியது. இந்த ஆய்வு 2010இல் வெளியானது.

இதைக் காட்டி ஆசிரியரே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஆளே இல்லாதபோது 30இல் நின்றது, கேட்க ஒரு ஆள் வந்ததும் ஏறியது. அப்புறம், அந்த ஆளுக்குப் பாடமும் தெரிந்திருந்தால் எங்கே தட்டிக் கேட்பது என்றும் தெரியும்.

லேப்பில் நான் சொல்வது மூன்று நான்கு வாக்கியம்தான்: "எப்படி வந்துச்சு?" "அதை மாத்தினா என்ன ஆகும்?" "பக்கத்துக் குழுவுக்கு வேற வந்திருக்கே, போய்ப் பாரு." "எனக்குத் தெரியல, கண்டுபிடிச்சுச் சொல்லு." நாலாவதைச் சொல்லப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பிள்ளை தடுமாறும்போது மவுஸைப் பிடுங்கிச் செய்துகாட்டக் கை துறுதுறுக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கட்டிக்கொள்கிறேன்.

படி 7: பள்ளிக்கு வெளியே தானாகப் படிக்க

வாட்ஸ்அப் குழுவில் பத்து வீடியோ அனுப்புவது சுயகற்றல் ஆகாது. அப்பா போனில் இடம் நிறையும், அவ்வளவுதான்.

நான் கொடுப்பது ஒரு தாள், அதற்குப் பாதை அட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பாடத்துக்கு எட்டு வேலைகள். மூன்று கட்டாயம், மற்ற ஐந்தில் இரண்டைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். பாடநூலின் க்யூஆர் காணொளியைப் பார்த்து மூன்று கேள்வி எழுதுவது ஒன்று. வீட்டில் ஒரு வார மின் அளவியைக் குறித்து வைப்பது இன்னொன்று. தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் எர்த் வயர் எதற்கு என்று கேட்டு எழுதுவது இன்னொன்று. போன் இல்லாமலே ஐந்து வேலைகளை முடிக்கும்படி அட்டை இருக்க வேண்டும். இது முக்கியம். இல்லாவிட்டால் போன் இல்லாத பிள்ளை தினமும் வகுப்புக்கு முன்னால் காரணம் சொல்லி நிற்கும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை சின்னதாகத் தெரியலாம், ஆனால் பிள்ளைகள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவன் எட்டையும் செய்துவிட்டு ஒன்பதாவதாகத் தானே ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான்: 'இன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது'. நான் அதைத் திருத்த ஒரு ராத்திரி படிக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு காணொளிக்கும் பிறகு, போனை மூடிவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து ஐந்து வரி எழுதச் சொல்கிறேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரம். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். வீடியோவை மூன்று தடவை பார்த்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போல இருக்கும், எழுதச் சொன்னால்தான் தெரியும்.

பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி ஒன்று. தில்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிப் பாடத்தை நான்கரை மாதம் பயன்படுத்திய பிள்ளைகள் கணக்கில் நன்றாக முன்னேறியதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. வகுப்பு எதுவானாலும், அந்தப் பிள்ளை நிஜமாக எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து அந்த மென்பொருள் தொடங்கியது. நம்மிடம் அது இல்லாவிட்டாலும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு க்யூஆர் காணொளியைத் தனியாகக் கொடுக்க யாரும் தடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கொடுக்காதீர்கள்.

படி 8: சாட்ஜிபிடி கேட்டு எழுதி வரும் பிள்ளை

வந்துவிட்டது, இனி இல்லாதது போல நடிக்க முடியாது. 'மின்தடை என்பது' என்று தொடங்கி ஐந்து பேர் ஒரே மாதிரி அச்சுத்தமிழில் எழுதி வந்தால் தெரிந்துவிடும். திட்டிப் பயனில்லை என்று ஒரு விதி வைத்தேன்: முதலில் உன் பதிலை எழுது, அதன்பின் இயந்திரத்திடம் கேள், இரண்டுக்கும் எங்கே வேறுபாடு, எது சரி, பாடநூலில் எந்தப் பக்கம் என்று மூன்றாவதாக எழுது. மதிப்பெண் மூன்றாவதுக்குத்தான்.

ஒருநாள் வகுப்பிலேயே இயந்திரத்திடம் ஊரைப் பற்றிக் கேட்கவிட்டேன். எங்கள் ஊருக்கு இல்லாத ஒரு ஆற்றைக் கொடுத்து, அதன் கரையில் ஒரு கோயிலையும் கட்டிவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு சரிபார்க்கச் சொல்லி நான் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. எந்தச் செயலியானாலும் பிள்ளைகளின் முழுப்பெயர், படம், பிறந்த தேதியைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க வைக்காதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. லேப்பில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடும் ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

படி 9: சொதப்பும் இடங்கள்

கரண்ட் போகும். அதே பாடத்துக்குக் காகிதத்தில் ஒரு மாற்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஹெச்.எம். எட்டிப் பார்த்து "என்ன இவ்வளவு சத்தம்?" என்பார், முந்தின நாளே சொல்லிவையுங்கள். புள்ளிப் பட்டியல் காட்டும் வினாடிவினாச் செயலிகளில் முதல் மூன்று பேர் எப்போதும் அதே மூன்று பேராக இருப்பார்கள். கடைசி பத்துப் பேர் யோசிக்காமல் தட்டத் தொடங்கிவிடுவார்கள். வேகத்துக்கான புள்ளியை நிறுத்திவிடுங்கள், அல்லது குழுவாக ஆடவிடுங்கள்.

படி 10: பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

பாடம் முடிந்த அன்றைய தேர்வை நம்பாதீர்கள். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல், ஐந்து கேள்வி. அதில் ஒன்று அவர்கள் பார்த்திராத மின்சுற்றாக இருக்கட்டும்.

இன்னொரு கணக்கையும் நோட்டில் வைத்திருக்கிறேன். ஒரு பீரியடில் நான் கேட்ட கேள்வி எத்தனை, பிள்ளைகள் கேட்டது எத்தனை என்று கோடு போடுவேன். ப்ரொஜெக்டர் வந்த அந்த முதல் வாரத்தில் என் பக்கம் 26, அவர்கள் பக்கம் 1. அந்த ஒன்றும் "மிஸ், தண்ணி குடிச்சுட்டு வரட்டா?" என்பது. போன வாரம் லேப்பில் என் பக்கம் 9, அவர்கள் பக்கம் 17. அதில் நாலுக்கு எனக்கு விடை தெரியவில்லை. பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டிருக்கிறோம். ஒன்றுக்கு மட்டும் இதுவரை விடை வந்திருக்கிறது, அந்த சைக்கிள் செயின் பெண்ணின் தங்கை எழுதி வந்தாள்.